பிந்தி வந்த வெளிச்சம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பு ஒன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ரொறன்ரோவில் இப்போது காலை பத்தரை மணி. ஐரோப்பாவில் உங்களுக்குப் பின்னேரம், ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். அவுஸ்திரேலியாவிலிருந்து நித்திரையைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் இருப்பதும் திரையில் தெரிகிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

புறநானூற்றில் நட்பு என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் தமிழ் படிப்பித்தவன் அல்ல. ஸ்காபரோவில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன். கலியாணக் காட், பூப்புனித நீராட்டு விழாக் காட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, இவைதான் என் தொழில். வாசிப்பு பழக்கத்தால் வந்தது. தலைப்புக்காகக் குறிப்பெல்லாம் எடுத்தேன். ஆனால் எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே ஆளிடம்தான் போய் நின்றேன். ஆகவே இன்றைக்கு அவனைப் பற்றிப் பேசுகிறேன். புறநானூறு இடையில் வரும்.

அவனுடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அவனுடைய மனைவியிடம் இந்த உரையைப் பற்றி முன்கூட்டியே கேட்டேன். "எல்லாம் சொல்லுங்கோ அண்ணா, பெயர் மட்டும் வேண்டாம்" என்றார்.

2023 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் ஸ்னோ வழித்துக்கொண்டிருந்தபோது அவன் விழுந்தான். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. நானும் அவனும் பதினாறு வருடம் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடித் திரிந்தவர்கள். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால், செய்தி கேட்டவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மோட்டார் சைக்கிளிலயோ?"

பெப்ரவரி மாதம், வீதியெல்லாம் உப்பும் பனியுமாகக் கிடக்கிற நேரம், இங்கே யார் மோட்டார் சைக்கிள் எடுப்பார்கள்? கேட்டவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டார்கள். இல்லை என்று சொன்னபோது சிலருடைய முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றத்தைக்கூடக் கண்டேன். மோட்டார் சைக்கிள்காரன் என்றால் வீதியில்தான் சாகவேண்டும், அப்போதுதான் கதை முடியும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். அவனைக் கொண்டுபோனது ஒரு பிளாஸ்ரிக் சவள்.

எங்களுடைய சவாரி கனடாவில் தொடங்கியதல்ல. யாழ்ப்பாணத்தில், 1991 இல், அவனுடைய தகப்பனின் ஹொண்டா எம்.டி. 90 இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளாதாரத் தடை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட சாமான். களவாக வந்தாலும் எங்களைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலை இல்லை. ஆகவே எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயில் பற்றாது. சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதில் நாலு சொட்டு விட்டுத்தான் ஸ்ரார்ட் பண்ணவேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும், வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு.

இதில் ஒரு விசயம் இருக்கிறது. என்ஜினை ஆறவிடக்கூடாது. ஆறினால் திரும்பவும் நாலு சொட்டுப் பெற்றோல். அதனால் கடைக்குப் போனாலும் ஒருவன் உள்ளே போக, மற்றவன் வெளியில் அக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டு நிற்பான். இரண்டு பேர் இல்லாமல் ஒரு மோட்டார் சைக்கிளை வைத்திருக்க முடியாத காலம் அது. எங்களுடைய நட்பு அப்படி உண்டானதுதான். ஒருத்தருக்கு ஒருத்தர் மனதைத் திறந்து பேசி உண்டானதல்ல.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த எம்.டி. 90 இல் என்னுடைய அம்மாவின் மூட்டையும் அவனுடைய தகப்பனும் இருந்தார்கள். சனநெருக்கத்தில் ஓட முடியவில்லை. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை மாறி மாறித் தள்ளினோம். அந்த இரவு முழுவதும் அவனும் நானும் பேசிய சொற்கள் இருபதுகூட இராது. "பிடி." "விடு." "மாறுவம்." அவ்வளவுதான்.

பிறகு அவன் 1998 இல் கனடா வந்தான், நான் 2000 இல். இரண்டு வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகள். 2007 இல் ஒரு நாள் அவன் ரெலிபோன் எடுத்து, "மச்சான், எம் வண் சோதனை எழுதப்போறன், நீயும் வா" என்றான். கேள்வி இல்லை, அழைப்பும் இல்லை, அறிவித்தல். எழுதினோம், பயிற்சி எடுத்தோம், ஆளுக்கொரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம். அவனுடையது ஹொண்டா ஷாடோ, என்னுடையது சுசுகி வீ-ஸ்ற்ரோம்.

இங்கே ஓடுகிற காலம் குறைவு. ஏப்ரல் கடைசியில் மழை உப்பைக் கழுவிய பிறகு வெளியே எடுத்தால், ஒக்ரோபர் முடிய உள்ளே வைக்கவேண்டும். வைக்கும்போது தாங்கிக்குள் மருந்து ஊற்றி, பற்றரியைச் சார்ஜரில் போட்டு, துணியால் மூடி, அடுத்த ஏப்ரல்வரை காத்திருக்கவேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் நாங்கள் போகாத இடமில்லை. தோபர்மோரியில் கப்பலேறி மனிற்றூலின் தீவு, அல்கோன்குயின் பூங்காவுக்குள்ளால் அறுபதாம் இலக்க நெடுஞ்சாலை, பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தால் ஏரி ஈரியின் கரையில் போர்ட் டோவர். 1981 இல் சில நண்பர்கள் கூடியதில் தொடங்கிய அந்தச் சந்திப்புக்கு இப்போது ஆயிரக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள் வரும். ஆனால் எங்களுக்குப் பிடித்த வீதி 507. பக்ஹோர்ன் பக்கத்திலிருந்து வடக்கே கூடர்ஹாமுக்குப் போகும். பாறையும் காடும் வளைவும்தான். மனிதரைக் காண்பது அரிது.

கூட்டாக மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர் தன் பாதையின் இடதுபக்கமாகப் போவார். அடுத்தவர் ஒரு செக்கன் பின்னால், வலதுபக்கமாக. மூன்றாமவர் திரும்பவும் இடதுபக்கம், முதலாமவருக்கு இரண்டு செக்கன் பின்னால். அப்படிப் போனால் ஒவ்வொருவருக்கும் முன்னால் வெளி இருக்கும், பிறேக் பிடிக்க இடம் இருக்கும். வளைவு வந்தால் எல்லோரும் ஒற்றை வரிசை. நான் எப்போதும் முன்னால். அவன் எப்போதும் இரண்டாவது. பதினாறு வருடம் என்னுடைய வலதுபக்கக் கண்ணாடியில் அவனுடைய ஒற்றை வெளிச்சம்.

ஒரு சட்டமும் உண்டு. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவர் பொறுப்பு. வளைவு திரும்பியதும் கண்ணாடியைப் பார். வெளிச்சம் வரவில்லையென்றால் வேகத்தைக் குறை. அப்போதும் வரவில்லையென்றால் திரும்பிப் போ. அவ்வளவுதான். எழுதிவைக்காத ஒப்பந்தம்.

ஹெல்மெற்றுக்குள் பேசுகிற கருவி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. நாங்கள் வாங்கவில்லை. எட்டு மணித்தியாலம் ஓடுவோம், கோப்பிக்கடையில் இருபது நிமிடம் இருப்போம். அந்த இருபது நிமிடத்திலும் டயரைப் பற்றிப் பேசுவோம். என்னுடைய மனைவி கேட்பார், "இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள்?" ஒன்றுமில்லை என்றால் நம்பமாட்டார். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிற நட்பு ஒன்று. ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு போகிற நட்பு இன்னொன்று. எங்களுடையது இரண்டாவது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு அந்தப் பெருமையிடம் திரும்பி வருகிறேன்.

அவன் இறந்ததும் அறிவித்தலை நான்தான் வடிவமைத்தேன். அதன் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்டவர். பிறகு இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அருமைச் சகோதரனும், மைத்துனரும் என்று வரிசையாக வரும். அமெரிக்காவில் இருக்கிற, அவன் கடைசியாக எப்போது கண்டானோ தெரியாத சகலனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. நண்பன் எங்கே வருவான்? கடைசி வரியில். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இதை ஏற்றுக்கொள்ளுமாறு. நண்பன் இழந்தவன் அல்ல, தகவல் கொடுக்கப்படவேண்டியவன்.

நான் குறை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான அறிவித்தல்களை நானே அப்படி அமைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அந்த வரியின் கீழே நான் நிற்பதைக் கண்டேன். எனக்குத் துடக்கு இல்லை. நான் கொள்ளிவைக்கவில்லை, மொட்டையடிக்கவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருக்கவும் எனக்கு ஒரு உறவுப்பெயர் இல்லை. முதலாளி, "உங்கட சொந்தமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

இங்கேதான் புறநானூற்றுக்கு வருகிறேன்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதை உங்களுக்குத் தெரியும். பிசிராந்தையார் என்றால் எல்லோரும் எழுந்து நிற்போம். பாண்டிய நாட்டிலிருந்து வந்து, நேரில் காணாத நண்பனின் பக்கத்தில், தனக்காக ஒதுக்கிவைத்த இடத்தில் அமர்ந்து உயிர்விட்டவர். நட்பு என்றால் அதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் அதே இடத்தில் இன்னொருவரும் இருந்தார். பொத்தியார். அரசனோடு ஒரே ஊரில், உறையூரில், நாளும் பொழுதும் கூடவே வாழ்ந்தவர். அவரும் வடக்கிருக்க வந்தார். அரசன் விடவில்லை. உன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

காணாத நண்பனுக்கு இடம் கிடைத்தது. கண்டு பழகிய நண்பன் வீட்டுக்குத் திரும்பினான். அப்படித் திரும்பிய பொத்தியார் பாடியது 220 ஆவது பாட்டு. வெறுமையாய்க் கிடக்கிற அரசனின் மன்றத்தைப் பார்க்கிறார். தான் அழுததற்கு ஓர் உவமை சொல்கிறார். பல வருடம் சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், அது நின்ற கொட்டிலில் வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழுவதுபோல என்கிறார். கவனியுங்கள், பாகன் யானைக்குச் சொந்தக்காரனும் அல்ல, உறவும் அல்ல. கூடப் பயணம் போனவன்.

முன்பு இந்தப் பாட்டைப் படித்தபோது நல்ல உவமை என்று கோடிட்டு வைத்திருந்தேன். 2023 மே மாதம்தான் அது விளங்கியது.

மே மாதம் அவனுடைய மனைவி ரெலிபோன் எடுத்தார். "அண்ணா, கராஜுக்குள்ள நிக்கிற சாமானை எடுத்துக்கொண்டு போய் வித்துவிடுங்கோ. காரை எடுக்கப் போகேக்க அதைப் பார்க்க ஏலாமல் கிடக்கு." போனேன். துணி மூடியபடி நின்றது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நவம்பரில் அவன் செருகியது. ஆறு மாதமாக அந்தப் பற்றரியை யாரோ ஓடப்போகிறார்கள் என்று அது நிறைத்து வைத்திருந்தது. மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினேன். அது நின்ற இடத்தில், ஸ்ராண்ட் சீமெந்தைக் கீறாமல் இருக்க அவன் வைத்த சதுரப் பலகைத்துண்டு ஒன்றும் சின்ன எண்ணெய்க் கறையும் இருந்தன. கட்டுத்தறி என்று பொத்தியார் சொன்னது அதைத்தான்.

அவன் என்னைவிடக் கட்டை. ஏறி இருந்தபோது கண்ணாடிகள் இரண்டிலும் என்னுடைய நெஞ்சுதான் தெரிந்தது. ஓடவேண்டுமென்றால் திருப்பத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு கண்ணாடியைத் திருப்பாமல், என்னுடைய வீடுவரை, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமலே மெதுவாக ஓடிக்கொண்டு போனேன். செய்யக்கூடாத வேலை. நீங்கள் செய்யாதீர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு பெடியன் வந்து வாங்கினான். ஏறி இருந்த உடனே இரண்டு கண்ணாடியையும் தன்னுடைய உயரத்துக்குத் திருப்பினான். இரண்டு செக்கன்கூட எடுக்கவில்லை.

இனி நான் சொல்லவேண்டிய விசயத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது எல்லாம் இதைச் சொல்லப் பயந்து சொன்னது.

2022 ஒக்ரோபர், எங்களுடைய கடைசிச் சவாரி. 507 இல் இலையெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பினேன், கண்ணாடியைப் பார்த்தேன், வெளிச்சம் இல்லை. வேகத்தைக் குறைத்தேன். வந்தது, பிந்தித்தான் வந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் போக இரண்டாம் முறையும் அப்படியே. பதினாறு வருடத்தில் ஒரே நாளில் இரண்டு முறை அவன் பிந்தியதில்லை. கோப்பிக்கு நிறுத்தியபோது கேட்டேன், "என்ன மச்சான்?" ஹெல்மெற்றைக் கழற்றாமலே சொன்னான், "ஒண்டுமில்லை, கண்ணாடி புகார் பிடிச்சுப்போச்சு." ஹெல்மெற்றின் முன்கண்ணாடியைச் சொன்னான். குளிர் நாள்தான், புகார் பிடிக்கும். நான் நம்பினேன். இல்லை, நம்பவில்லை. அவன் மூச்சு வாங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு டயரைப் பற்றிப் பேசினோம்.

அவனுடைய பின்டயரில் காற்றுக் குறைந்தால் அவன் வளைவில் சரிகிற விதத்தில் கண்ணாடியிலேயே எனக்குத் தெரியும். செயின் தளர்ந்தால் சத்தத்தில் தெரியும். அவனுக்கு மூச்சு இளைத்தது தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஏனென்றால் நாங்கள் அப்படிக் கேட்கிறவர்கள் அல்ல. நான் பெருமைப்பட்ட மௌனம் அதுதான்.

வேலை செய்யும்போது மூச்சு வாங்குவது இதயம் தருகிற எச்சரிக்கையாக இருக்கலாம் என்று இப்போது எனக்குத் தெரியும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பாரமான ஸ்னோவைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், இரண்டும் சேர்ந்தால் பழுதான இதயம் தாங்காது என்பதும் தெரியும். தெற்காசியர்களான எங்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதும் தெரியும். இவையெல்லாம் இங்கே எந்தக் குடும்ப வைத்தியரும் சொல்கிற விசயங்கள். அவன் போயிருந்தால் தப்பியிருப்பானா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவர் பொறுப்பு. வெளிச்சம் பிந்தினால் திரும்பிப் போ. நான் திரும்பிப் போகவில்லை.

இதை ஒரு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆண்டுத் திவசத்துக்குப் போனபோது, சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, குசினிக்குள் வைத்து அவனுடைய மனைவிக்குச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏச்சு வாங்கத்தான் போனேன். அவர் கழுவின கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குக் கண்ணாடி புகார் எண்டு சொன்னவர். எனக்கு வாய்வு எண்டு சொன்னவர். மகளுக்கு நித்திரை இல்லை எண்டு சொன்னவர். மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்." பிறகு இரண்டு பேரும் அவனை நன்றாக ஏசினோம். பெயர் சொல்லி ஏசினோம். அன்றைக்குத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

பொத்தியாரும் ஏசுகிறார். பிள்ளை பிறந்த பிறகு அவர் அரசனின் நடுகல்லிடம் போகிறார். அது 222 ஆவது பாட்டு. என்னைப் பிறகு வா என்று அனுப்பிய அன்பில்லாதவனே என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். பிறகு அவரும் வடக்கிருந்தார் என்பது மரபு. அந்த முடிவுக்கு நான் போகவில்லை, நீங்களும் போகவேண்டாம். எனக்கு வேண்டியது 220 க்கும் 222 க்கும் இடையில் இருக்கிற காலம். நண்பன் இல்லாத ஊரில் பொத்தியார் சமைத்துச் சாப்பிட்டிருப்பார், மனைவிக்கு வைத்தியம் பார்த்திருப்பார், பிள்ளைக்குப் பெயர் தேடியிருப்பார். அந்த மாதங்களைப் பற்றிப் பாட்டு இல்லை. நாங்கள் எல்லோரும் அந்த மாதங்களில்தான் வாழ்கிறோம்.

நான் செய்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வைத்தியரிடம் போனேன். எனக்கும் கொலஸ்ரரோல் இருந்தது, மருந்து எடுக்கிறேன். 2024 மே மாதம் எங்களோடு இடைக்கிடை வருகிற இரண்டு பேரோடு 507 க்குப் போனேன். விமானப் படைகளில் இறந்தவருக்காக அணியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுப் பறப்பார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே இரண்டாம் இடத்தை விட்டு ஓடினோம். நான் முன்னால் இடதுபக்கம், என் வலதுபக்கம் பின்னால் ஒருவருமில்லை. ஒவ்வொரு வளைவிலும் கண் பழக்கத்தில் வலதுபக்கக் கண்ணாடிக்குப் போனது. வெறும் வீதி. அரை மணித்தியாலம் அதைத் தாங்கலாம் என்று கண்டுகொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை. மற்றவர்களைக் கிட்ட வரச் சொன்னேன்.

இப்போது நாங்கள் ஒரு புதிய சட்டம் வைத்திருக்கிறோம். நிறுத்துகிற இடத்தில் முதலில் எல்லோரும் ஹெல்மெற்றைக் கழற்றவேண்டும். பிறகு ஆளுக்கொரு வரி, உடம்பு எப்படி, மனது எப்படி என்று உண்மை சொல்லவேண்டும். டயர் அதற்குப் பிறகுதான். ஐம்பது வயது தாண்டிய மூன்று ஆம்பிளைகள் கோப்பிக்கடை வாசலில் நின்று இதைச் செய்வது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். முதல் மாதம் மூன்று பேரும் "ஓகே, ஓகே, ஓகே" என்றோம். இரண்டாம் மாதம் ஒருவர் தனக்கு மூன்று மாதமாக வேலை இல்லை என்றும் வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அவனுடைய கல்வெட்டையும் நான்தான் அச்சடித்தேன். நண்பர்கள் சார்பில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதியது, பழகுவதற்கு இனியவர், பண்பாளர், அவரது இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பது. அந்தப் பக்கத்தை எங்களுடைய கணினியில் நிரந்தரமாக வைத்திருக்கிறோம், பெயரை மாற்றினால் போதும். முப்பது வருடம் பழகியவனுக்கு அதைத்தான் போட்டேன்.

இன்றைக்கு உங்களுக்கு முன்னால் பேசியது அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருக்கவேண்டியது.

கேள்விகள் இருந்தால் பேசுவோம். அதற்கு முன்னால், இதைக் கேட்கும்போது உங்களுக்கு யாராவது ஒருவரின் நினைவு வந்திருந்தால், சந்திப்பு முடிந்ததும் அவருக்கு ஒரு ரெலிபோன் எடுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.